சண்டே ஸ்கூல் பொறுப்பு கைக்கு வந்தவருக்கு: டீச்சர்களைப் பழக்குவதும் கூட நிற்பதும்

சபை நிர்வாகத்தைப் பார்க்கும் சேகரக் கமிட்டியின் கூட்டம் முடிகிற நேரம். "இந்த வருஷம் சண்டே ஸ்கூலை யாரு பார்த்துக்கிறீங்க?" என்று ஐயர் (சபைப் போதகரை எங்கள் பக்கம் அப்படித்தான் அழைப்போம்) கேட்கிறார். எல்லாரும் குனிந்து செருப்பைத் தேடுகிறார்கள். நீங்கள் மட்டும் தெரியாத்தனமாக நிமிர்ந்து பார்த்துவிட்டீர்கள். சரி, இனி நீங்கள்தான் கண்காணிப்பாளர். உங்கள் கைக்கு வருவது ஒரு பழைய வருகைப் பதிவேடு, சாவி தொலைந்த ஓர் அலமாரி, பதினொரு டீச்சர்களின் பெயர் எழுதிய ஒரு தாள். அந்தப் பதினொரு பேரில் ஞாயிறு தவறாமல் வருகிறவர்கள் ஐந்து பேர் இருந்தால் அதிகம்.

திருநெல்வேலிப் பக்கம் ஒரு சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபையில் பல வருஷம் இந்த வேலையைப் பார்த்தவன் நான். தொடங்கிய புதிதில், டீச்சர் போதவில்லை என்று நினைத்துப் புது ஆட்களைத் தேடிக்கொண்டே இருந்தேன். முன்வாசல் வழியாக நாலு பேரைச் சேர்த்தால் பின்வாசல் வழியாக நாலு பேர் போய்க்கொண்டிருந்தார்கள். போனவர்களிடம் ஒரு நாள் உட்கார்ந்து கேட்டேன். பிள்ளைகளின் சேட்டையை யாரும் பெரிதாகச் சொல்லவில்லை. "பாடப் புத்தகத்தைக் கையில கொடுத்தீங்க. அப்புறம் ஒரு நாளாவது வந்து எட்டிப் பார்த்தீங்களாண்ணே?" என்றாள் ஒரு கல்லூரிப் பெண். பதில் சொல்ல வாய் வரவில்லை. கீழே எழுதியிருப்பதெல்லாம் அதற்குப் பிறகு கற்றுக்கொண்டவை.

முதல் மூன்று ஞாயிறு எதையும் மாற்றாதீர்கள்

பொறுப்புக்கு வந்ததும் எல்லாருக்கும் வரும் ஆசை, ஒரு பயிற்சி முகாம் நடத்துவது. வெளியூரிலிருந்து ஒரு பேச்சாளர், பேனர், மத்தியானம் பிரியாணி. டீச்சர்கள் வருவார்கள், குறிப்பு எழுதுவார்கள், குழுப்படம் எடுப்பார்கள். அடுத்த ஞாயிறு வகுப்பு பழையபடியே நடக்கும். முகாம் கூடாது என்று சொல்லவில்லை. உங்கள் வகுப்புகளில் என்ன குறை என்று தெரியாமல் முகாம் வைத்தால், பேச்சாளர் அவருக்குத் தெரிந்ததைப் பேசிவிட்டுப் போவார், அவ்வளவுதான்.

அதனால் முதல் மூன்று வாரம் ஒவ்வொரு வகுப்பின் பின்னாலும் போய் உட்காருங்கள். போகும் முன் டீச்சரிடம், "நான் புதுசு, கத்துக்க வந்திருக்கேன்" என்று சொல்லிவிடுங்கள். உண்மையும் அதுதானே. நோட்டை எடுத்து எழுதாதீர்கள். எழுதுகிறவரைப் பார்த்தாலே டீச்சருக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். வீட்டுக்கு வந்து நாலே விஷயம் குறித்து வையுங்கள். வகுப்பு உண்மையில் எத்தனை நிமிடம் நடந்தது? பிள்ளைகள் பேசிய நேரம் எவ்வளவு? டீச்சர் எத்தனை பிள்ளைகளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்? எந்த இடத்தில் பிள்ளைகளின் கண் ஜன்னலுக்குப் போனது?

எங்கள் சபையில் இந்தக் கணக்கு எனக்கு அதிர்ச்சியாக இருந்தது. ஒரு மணி நேரம் என்று பேர். ஆனால் எல்லாரும் சேர்ந்து பாடுவது, அறிவிப்பு, பிறந்தநாள் ஜெபம், காணிக்கை எல்லாம் போக டீச்சர் கைக்கு வந்தது 25 நிமிடம். அதற்குள் இரண்டாம் மணி அடித்து ஆராதனை தொடங்கிவிடும். டீச்சர் சரியில்லை என்று குறைப்பட்டுக்கொண்டிருந்தோம். குறை நேரத்தில் இருந்தது. பொதுப் பாடலை இரண்டாகக் குறைத்து, அறிவிப்பை வாட்ஸ்அப்புக்கு அனுப்பியதில் 15 நிமிடம் மீண்டது.

யாரைக் கேட்பது, எப்படிக் கேட்பது

1780இல் இங்கிலாந்தின் குளோஸ்டர் நகரில் ராபர்ட் ரெய்க்ஸ் என்ற பத்திரிகைக்காரர் ஞாயிறு பள்ளியைத் தொடங்கியபோது, ஆறு நாளும் வேலைக்குப் போன ஏழைப் பிள்ளைகளுக்கு எழுத்து சொல்லிக்கொடுப்பதும் அதில் சேர்ந்திருந்தது. அன்றைய ஆசிரியைகளுக்கு ஞாயிற்றுக்கு ஒரு ஷில்லிங் கூலி உண்டு. சம்பளமில்லாத ஆசிரியர் என்பது பின்னால் வந்த வழக்கம். இந்தியாவிலும் 1876இல் இந்திய ஞாயிறு பள்ளி ஒன்றியம் அமைந்தது. நாம் ஷில்லிங் கொடுப்பதில்லை, சரி. ஆனால் கூலி இல்லை என்பதற்காக வேலைக்கு வரையறையும் இல்லாமல் போய்விட்டது. அங்கேதான் சிக்கல்.

பீடத்திலிருந்து "பாரமுள்ளவர்கள் முன்வாருங்கள்" என்று அறிவித்தால், பாரம், அதாவது உண்மையான அக்கறை, இருக்கிறவர் கூச்சத்தில் உட்கார்ந்திருப்பார், மேடை ஆசை இருக்கிறவர் எழுந்து வருவார். நேரில் வீட்டுக்குப் போய்க் கேளுங்கள். கேட்கும்போது கணக்கு சொல்லுங்கள்: ஞாயிறு ஒன்றேகால் மணி நேரம், சனிக்கிழமை முக்கால் மணி நேரம், ஜூன் முதல் ஏப்ரல் வரை ஒரு வருஷம். ஏப்ரலில் நானே வந்து, தொடர்கிறீர்களா, ஓய்வு வேண்டுமா என்று கேட்பேன் என்றும் சொல்லிவிடுங்கள். போகிற வாசல் திறந்திருக்கிறது என்று தெரிந்தால்தான் மனிதர் தைரியமாக உள்ளே வருகிறார். முடிவு தேதி இல்லாமல் சேர்த்தால், வெளியே வர அவர்களுக்கு இருக்கிற ஒரே வழி சொல்லாமல் கொள்ளாமல் நின்றுபோவதுதான்.

யாரை? நன்றாகப் பேசுகிறவர் என்று தேட வேண்டாம். கோயில் (எங்கள் பேச்சில் சர்ச்) வாசலில் பிள்ளைகள் யார் கையைப் பிடித்துத் தொங்குகிறார்கள் என்று பாருங்கள். பள்ளிக்கூட ஆசிரியர்கள் நல்ல தேர்வுதான், ஆனால் வாரம் ஐந்து நாள் பிள்ளைகளோடு மல்லுக்கட்டியவருக்கு ஞாயிறும் அதே வேலை என்றால் பாவமில்லையா? அவரிடம் வகுப்பு எடுக்கச் சொல்வதை விட, புதியவர் ஒருவருக்குத் துணையாக இருக்கச் சொல்லிக் கேட்டுப் பாருங்கள், சந்தோஷமாகச் சம்மதிப்பார். ஷிஃப்ட் வேலைக்குப் போகும் நர்ஸ், பரீட்சை வரும் கல்லூரிப் பிள்ளை எல்லாரையும் சேர்க்கலாம். இரண்டு பேரை ஒரே வகுப்புக்குப் போட்டுவிட்டால் ஒருவர் இல்லாத வாரம் மற்றவர் பார்த்துக்கொள்வார். தனி ஆளாக யாரையும் ஒரு வகுப்பில் விடக்கூடாது என்பது என் கொள்கை. அதற்கு இன்னொரு காரணமும் உண்டு, பின்னால் சொல்கிறேன்.

இன்னொன்று, கொஞ்சம் சங்கடமான பேச்சுதான். உங்கள் டீச்சர் பட்டியலில் எத்தனை தெரு இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். எல்லாரும் இரண்டு மூன்று குடும்பத்து ஆட்களாகவே இருந்தால், மற்றத் தெருப் பிள்ளைகளுக்கு அது புரியாமல் இருக்காது. யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள், பிள்ளைகள் மெல்ல மெல்ல வராமல் போவார்கள்.

புதியவரின் முதல் ஐந்து வாரம்

நீச்சல் பழக்குகிறேன் என்று கிணற்றில் தள்ளிவிடுவது போல, முதல் நாளே முப்பது பிள்ளைகளிடம் தள்ளிவிடாதீர்கள். நாங்கள் வைத்திருக்கும் முறை இது. முதல் வாரம் புதியவர் பின்னால் உட்கார்ந்து பிள்ளைகளின் பெயரைக் கற்கிறார். அவருக்கு வேறு வேலை கிடையாது. இரண்டாம் வாரம் வருகை எடுப்பதும் செய்கைப் பாட்டு நடத்துவதும் அவர் பொறுப்பு. மூன்றாம் வாரம் மனப்பாட வசனம். நான்காம் வாரம் கதை மட்டும் அவர் சொல்கிறார், மற்றதைப் பழைய டீச்சர் பார்க்கிறார். ஐந்தாம் வாரம் முழு வகுப்பும் அவருடையது. பழைய டீச்சர் பாயின் ஓரத்தில் உட்கார்ந்திருப்பார், வாயைத் திறக்கக்கூடாது. இந்தக் கடைசி நிபந்தனைதான் கடினம். பழைய டீச்சர்களுக்கு வாயை மூடிக்கொண்டு உட்காரப் பழக்குவது, புதியவருக்குப் பேசப் பழக்குவதை விட நேரம் எடுக்கிற வேலை.

வசனம் சொல்லிக்கொடுக்க ஒரு கைப்பழக்கம். கரும்பலகையில் வசனத்தை முழுதாக எழுதி எல்லாரும் ஒரு தடவை வாசிக்கட்டும். ஒரு வார்த்தையை அழியுங்கள், மறுபடி வாசிக்கட்டும். இன்னொன்றை அழியுங்கள். எதை அழிப்பது என்று பிள்ளைகளே சொல்லட்டும். பலகை காலியாகும்போது வசனம் மண்டையில் இருக்கும். திரும்பத் திரும்பக் கத்த வைப்பதை விட இது வேகமானது, ஐந்து நிமிடம் போதும்.

சனிக்கிழமை முக்கால் மணி நேரம்

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் செய்ய நேரமிருக்கிறது என்றால் இதைச் செய்யுங்கள். மறுநாள் பாடத்தை டீச்சர்கள் எல்லாரும் சேர்ந்து முந்தின நாள் ஒரு தடவை நடத்திப் பார்ப்பது. பெரும்பாலான சபைகளில் சனிக்கிழமை மாலை பாடகர் குழு ஒத்திகை இருக்கும். டீச்சர்களில் பாதிப்பேர் பாடகர் குழுவிலும் இருப்பார்கள். அதனால் ஒத்திகைக்கு முந்தைய முக்கால் மணி நேரத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். இருட்டிய பிறகு தனியாக வீடு திரும்ப வேண்டிய பெண்கள் இருந்தால் நேரத்தை இன்னும் முன்னால் தள்ளுங்கள். வர முடியாதவருக்கு அன்றிரவே போனில் பத்து நிமிடம் பேசிவிடுங்கள்.

என்ன செய்வது? இயேசுவைப் பார்க்க மரத்தில் ஏறிய சகேயுவின் கதையை எடுத்துக்கொள்வோம். லூக்கா 19ஆம் அதிகாரம், முதல் பத்து வசனங்கள். எல்லா டீச்சருக்கும் மனப்பாடம். "இதுல தயாரிக்க என்ன இருக்கு?" என்பார்கள். அப்படிச் சொல்கிற கதையில்தான் தயாரிப்பு அதிகம் வேண்டும்.

முதலில் ஒருவர் சத்தமாக வாசிக்கட்டும். மற்றவர்கள், பிள்ளைக்குப் புரியாத சொல் வரும் இடத்தில் கையைத் தட்ட வேண்டும். நம் பழைய வேதாகம மொழிபெயர்ப்பின் தமிழ் நமக்குக் காதில் ஊறிப்போனது. மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு அது வேற்று மொழி. 'ஆயக்காரன்' என்று ஒரு சொல். எங்கள் வகுப்பில் ஒரு பையன் சகேயுவைக் கையில் துப்பாக்கியோடு படம் வரைந்திருந்தான். கேட்டால், "ஆயுதக்காரர்னு அக்கா சொன்னாங்க" என்றான். அவன் மேல் என்ன தப்பு? ரோம அரசுக்காக வரி வசூலித்தவர், அதில் கூடுதலாகப் பிடுங்கித் தன் பையில் போட்டுக்கொண்டவர் என்று சொல்ல வேண்டும். டோல்கேட்டில் சீட்டில் 60 ரூபாய் என்று போட்டுவிட்டுக் கையில் 100 ரூபாய் வாங்கினால் எப்படி இருக்கும் என்று ஒரு டீச்சர் உதாரணம் சொன்னார். பிள்ளைகள் உடனே பிடித்துக்கொண்டார்கள்.

அடுத்தது, ஏமாற்றியதைத் திருப்பிக் கொடுப்பதாகச் சகேயு சொல்லும் இடத்தில் வரும் 'நாலத்தனையாக'. நாலு மடங்கு என்று பொருள் சொல்லிவிட்டுப் போகலாம். அதை விட, "நூறு ரூபாய் ஏமாற்றியிருந்தால் எவ்வளவு திருப்பிக் கொடுப்பார்?" என்று கணக்குப் போட வைக்கலாம். நானூறு என்று பிள்ளைகள் கத்தும்போதுதான் அந்த மனிதர் எவ்வளவு பெரிய காரியத்தைச் சொன்னார் என்று டீச்சருக்கே உறைக்கும். அப்புறம் அந்தக் காட்டத்தி மரம். அத்தி வகையைச் சேர்ந்தது, கிளைகள் தாழ்வாகப் படர்ந்திருக்கும். குள்ளமான ஒரு மனிதர் அவசரத்தில் ஏறியதற்கு அது தோதான மரம். இந்த ஒரு விவரம் போதும், பிள்ளைகள் மரத்தைக் கண்ணால் பார்த்துவிடுவார்கள்.

மூன்றாவது வேலை, கேள்வி தயாரிப்பது. "சகேயு ஏறின மரம் எது?" என்று கேட்டால் ஒரே பிள்ளை பதில் சொல்லும், அது எப்போதும் அதே பிள்ளையாக இருக்கும். "சகேயு ஏமாத்தினவங்கள்ல உங்க அப்பாவும் ஒருத்தர்னு வச்சுக்கோங்க. இயேசு சகேயு வீட்டுக்குச் சாப்பிடப் போறாருன்னு கேட்டா உங்க வீட்டுல என்ன பேசியிருப்பாங்க?" என்று கேட்டுப் பாருங்கள். கூட்டம் முறுமுறுத்தது என்று வேதமே சொல்கிறது, அந்த முறுமுறுப்பைப் பிள்ளைகள் தங்கள் வாயால் சொல்லட்டும். கேட்டுவிட்டு மனதுக்குள் பத்து எண்ணும் வரை டீச்சர் பேசாமல் இருக்க வேண்டும். நம் டீச்சர்கள் இரண்டு எண்ணுவதற்குள் தாங்களே பதிலைச் சொல்லிவிடுகிறார்கள். இதைச் சனிக்கிழமையே ஒருவரையொருவர் கேட்டுப் பழகினால்தான் ஞாயிற்றுக்கிழமை வரும்.

கடைசியில், இருவர் இருவராகப் பிரிந்து கதையைப் புத்தகம் பார்க்காமல் ஏழு நிமிடத்தில் ஒருவருக்கொருவர் சொல்லட்டும். வெட்கப்படுவார்கள், சிரிப்பார்கள். பரவாயில்லை. ஞாயிறு பிள்ளைகள் முன்னால் திணறுவதற்கு முன் சனிக்கிழமை தோழி முன்னால் திணறுவது நல்லதுதானே. டீயும் வடையும் இருந்தால் கூட்டத்துக்கு வருகை கூடும். இதை அனுபவத்தில் சொல்கிறேன், அந்தச் செலவைக் கமிட்டியிடம் கூச்சமில்லாமல் கேளுங்கள்.

நீதியைப் பற்றி ஒரு வார்த்தை. எந்தக் கதையைச் சொன்னாலும் "அதனால நாமளும் பொய் சொல்லக்கூடாது, அம்மா அப்பா பேச்சைக் கேட்கணும்" என்று முடிக்கும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. யோனாவுக்கும் அதே முடிவு, தாவீதுக்கும் அதே முடிவு. இதைக் கண்டால் சனிக்கிழமையே மெல்லத் தடுத்துவிடுங்கள்.

பதில் தெரியாத கேள்விகள்

புது டீச்சர்களுக்கு உள்ளூர இருக்கும் பயம், பிள்ளை ஏதாவது கேட்டு நமக்குத் தெரியாமல் போய்விடுமோ என்பது. நிச்சயம் கேட்பார்கள். "எங்க தாத்தா கோயிலுக்கே வரமாட்டாரு, செத்துப்போயிட்டாரு. இப்ப எங்க இருக்காரு?" என்று ஒரு சிறுமி கேட்டாள். அந்த நேரம் இறையியல் பேசுகிற நேரமல்ல. "தாத்தா ஞாபகம் வருதா?" என்று முதலில் கேட்க வேண்டும். "இதை நான் ஐயர்கிட்ட கேட்டுட்டு வந்து சொல்றேன்" என்று சொல்வதில் அவமானம் ஒன்றும் இல்லை என்பதைப் பயிற்சியின் முதல் நாளே சொல்லிவிடுங்கள். ஆனால் அடுத்த வாரம் கட்டாயம் சொல்ல வேண்டும். பிள்ளை மறந்திருக்கும் என்று நாம் நினைப்போம், அது மறக்காது. அந்த மாதிரிக் கேள்விகளைச் சனிக்கிழமைக் கூட்டத்துக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள். மாதம் ஒரு முறை ஐயரையும் வந்து உட்காரச் சொல்லுங்கள். பிரசங்கம் செய்ய அல்ல, இந்தக் கேள்விகளுக்காக.

கூட இருந்து பார்ப்பது, பிறகு பேசுவது

ஆறு வாரத்துக்கு ஒரு முறையாவது ஒவ்வொரு வகுப்பிலும் போய் உட்காருங்கள். முடிந்ததும் அன்றே பேசிவிட வேண்டும், ஆனால் பிள்ளைகள் காதில் விழாமல். "எந்த இடம் நல்லா வந்துச்சுன்னு நினைக்கிறீங்க?" என்று முதலில் அவர்களைக் கேளுங்கள். பெரும்பாலும் சரியாகவே சொல்வார்கள். அப்புறம் நீங்கள் பார்த்த நல்லது ஒன்று, அதுவும் குறிப்பாக இருக்கட்டும். "நல்லா எடுத்தீங்க" என்று பொத்தாம்பொதுவாகச் சொன்னால் அதில் கற்க ஒன்றும் இல்லை. "அந்தப் பேசாத பையன் பக்கத்துல போய் உட்கார்ந்தீங்களே, அவன் அதுக்கப்புறம் பாடினான், பார்த்தீங்களா?" என்று சொல்லுங்கள். மாற்ற வேண்டியது ஒன்றே ஒன்று. ஐந்து குறை கண்ணில் பட்டாலும் ஒன்றைத்தான் சொல்ல வேண்டும், மற்ற நாலும் அடுத்த முறைக்கு. ஒரு தடவை நான் ஆர்வக்கோளாறில் ஒரு தாள் நிறைய எழுதிக் கொடுத்தேன். அவர் அந்தத் தாளை மடித்துப் பைக்குள் வைத்தார், அதற்கடுத்த வாரத்திலிருந்து வரவில்லை.

இடவசதி பற்றிப் புகார் வரும். கிராமச் சபைகளில் ஒரே கோயிலுக்குள் ஐந்து வகுப்பு நடக்கும், ஐந்து டீச்சரும் ஒருவரை ஒருவர் மிஞ்சக் கத்துவார்கள். சின்னப் பிள்ளைகளை வேப்பமரத்தடிக்கு அனுப்புங்கள், பாட்டு அங்கே நடக்கட்டும். உள்ளே இருப்பவர்கள் வட்டமாகப் பாயில் உட்காரட்டும், டீச்சரும் பாயில்தான். நாற்காலியில் உட்கார்ந்தால் குரல் தானாக உயரும்.

அடிப்பது பற்றிக் கேட்பார்கள். "நாங்க எல்லாம் அடி வாங்கித்தானே வளர்ந்தோம்" என்று பெரியவர் ஒருவர் கட்டாயம் சொல்வார். பள்ளிக்கூடங்களிலேயே பிள்ளைகளை அடிப்பதையும் மனதை நோகடிப்பதையும் 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் தடுத்துவிட்டது. கோயிலில் அடிக்க நமக்கு என்ன உரிமை? சேட்டை செய்கிற பிள்ளைக்கு ஒரு வேலை கொடுங்கள்: சுண்ணக்கட்டி எடுத்துவர, படத்தைப் பிடித்துக்கொண்டு நிற்க. பத்தில் எட்டு தடவை அது போதும். மீதி இரண்டுக்கு, துணை டீச்சர் போய் அந்தப் பிள்ளையின் பக்கத்தில் உட்காரட்டும்.

விட்டுக்கொடுக்கவே கூடாத பகுதி

தனி ஆளாக யாரையும் வகுப்பில் விடக்கூடாது என்று சொன்னதற்கு இன்னொரு காரணம் இதுதான். பிள்ளைகளோடு எப்போதும் இரண்டு பெரியவர்கள் இருக்க வேண்டும். தனி அறையில், கதவை மூடிக்கொண்டு, ஒரு பிள்ளையோடு ஒரு பெரியவர் என்ற நிலை எக்காரணம் கொண்டும் வரக்கூடாது. பிள்ளைகளோடு தனிப்பட்ட முறையில் இரவில் செய்தி அனுப்புவது, பரிசு கொடுப்பது, வண்டியில் தனியாகக் கூட்டிப்போவது எதுவும் கூடாது. ஊருக்குப் புதிதாக வந்தவரை உடனே டீச்சராக்காதீர்கள். ஆறு மாதமாவது சபை அவரைப் பார்க்கட்டும், முன்பு இருந்த சபையில் விசாரியுங்கள். "ஐயர் மகன்தானே", "கமிட்டி மெம்பர்தானே" என்ற சலுகை இந்த விஷயத்தில் கிடையாது.

பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டத்தைப் பற்றி எல்லா டீச்சருக்கும் வருஷத்தின் தொடக்கத்திலேயே சொல்லிவிடுங்கள். பிள்ளைக்கு எதிராகப் பாலியல் குற்றம் நடந்தது என்று தெரிந்தவர் காவல்துறையிடமோ சிறார் சிறப்புக் காவல் பிரிவிடமோ தெரிவித்தே ஆக வேண்டும் என்கிறது அதன் 19ஆம் பிரிவு. தெரிந்தும் மறைத்தால் 21ஆம் பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறை உண்டு. தன் கீழ் வேலை செய்பவர் செய்ததை நிறுவனப் பொறுப்பில் இருப்பவர் மறைத்தால் ஒரு வருஷம் வரை. "சபைக்குள்ளேயே பேசி முடிச்சுக்கலாம்" என்று யாராவது சொன்னால், அதற்குச் சட்டத்தில் இடமில்லை என்று தெளிவாகச் சொல்லுங்கள். பிள்ளை ஏதாவது சொல்ல வந்தால் டீச்சர் செய்ய வேண்டியது: அமைதியாகக் கேட்க வேண்டும், துருவித் துருவி விசாரிக்கக்கூடாது, "யார்கிட்டயும் சொல்லமாட்டேன்" என்று வாக்குக் கொடுக்கக்கூடாது, அன்றே அந்தத் தகவலைக் காவல்துறையிடம் சேர்க்க வேண்டும். பிள்ளையின் பெயர் அதற்கு மேல் யார் வாயிலும் வரக்கூடாது. 1098 என்ற சிறார் உதவி எண்ணை வகுப்புச் சுவரில் பிள்ளைகள் கண்ணுக்குத் தெரிகிற உயரத்தில் எழுதி ஒட்டுங்கள்.

அக்கம்பக்கத்து இந்து, முஸ்லிம் வீட்டுப் பிள்ளைகளும் நண்பர்களோடு வருவார்கள், முக்கியமாகக் கோடை விடுமுறையில். அவர்கள் பெற்றோருக்குத் தெரிந்துதான் வருகிறார்களா என்று டீச்சர் நேரில் போய்க் கேட்டுவிட வேண்டும். அந்தப் பிள்ளையின் வீட்டு வழிபாட்டைக் கிண்டல் செய்யும் ஒரு சொல்கூட வகுப்பில் வரக்கூடாது. பிள்ளைக்கு அது தன் அம்மாவைக் கிண்டல் செய்வது போல.

டீச்சர் களைத்துப் போகாமல் இருக்க

சின்னச் சின்னச் செலவுகள்தான் ஆளை விரட்டும். வண்ணத்தாள், ஸ்கெட்ச் பேனா, ஜெராக்ஸ் என்று டீச்சர் கைக்காசு போட்டுக்கொண்டே இருப்பார், கேட்கவும் மாட்டார். கல்லூரிப் பெண்ணுக்கு மாதம் இருநூறு ரூபாய் என்பது பெரிய பணம். ஒவ்வொரு வகுப்புக்கும் ஒரு பிளாஸ்டிக் டப்பா வாங்கி, வேண்டியதை நிரப்பி, மாதம் ஒரு முறை நீங்களே பார்த்து நிரப்புங்கள். அலமாரிக்குப் புதுப் பூட்டும், இரண்டு சாவியும்.

வாட்ஸ்அப் குழுவில் பாடமும் அறிவிப்பும் மட்டும் வரட்டும். காலை வணக்கப் பூக்களுக்கு வேறு குழு வைத்துக்கொள்ளலாம். வராதவரை அந்தக் குழுவில் பெயர் சொல்லிக் கேட்காதீர்கள், போன் செய்யுங்கள். இரண்டு வாரம் தொடர்ந்து ஒருவர் வரவில்லை என்றால் வீட்டில் ஏதோ இருக்கிறது என்று பொருள். அப்போது போய்ப் பார்ப்பது டீச்சரைத் திரும்ப அழைத்துவர அல்ல, சும்மா பார்க்கத்தான்.

கிறிஸ்மஸ் நிகழ்ச்சிதான் டீச்சர்களைக் கசக்கிப் பிழியும் காலம். நவம்பர் முழுக்க நாடகம், உடை வாடகை, மேய்ப்பனுக்குக் கம்பு, தேவதூதனுக்குச் சிறகு, "என் பிள்ளைக்கு ஏன் வசனம் இல்ல?" என்று சண்டைக்கு வரும் அம்மாக்கள். இந்தச் சண்டை டீச்சரிடம் போகக்கூடாது, உங்களிடம் வர வேண்டும். பட்டியல் போட்டவன் நான்தான் என்று நீங்கள் நின்றுகொள்ளுங்கள். நிகழ்ச்சி முடிந்த அடுத்த ஞாயிறு எல்லா டீச்சருக்கும் விடுமுறை, அன்று பிள்ளைகளை வாலிபர் சங்கம் பார்த்துக்கொள்ளட்டும்.

ஒன்பதாம் வகுப்புக்கு மேல் பிள்ளைகள் மாயமாகிவிடுவதைப் பார்த்து மூத்த வகுப்பு டீச்சர் மனம் உடைந்துபோவார். ஞாயிறு டியூஷனோடு நாம் போட்டி போட முடியாது. இதற்கு முழுத் தீர்வு என்னிடம் இல்லை. திடப்படுத்தலுக்கு (சபையின் முழு உறுப்பினராகும் சடங்கு) தயாராகும் பிள்ளைகளில் இரண்டு மூன்று பேரைச் சின்ன வகுப்புக்குத் துணையாகப் போட்டதில், அவர்கள் மட்டும் பன்னிரண்டாம் வகுப்பிலும் வந்துகொண்டிருந்தார்கள். இப்போது எங்கள் டீச்சர்களில் பாதிப்பேர் அப்படி வந்தவர்கள்தான்.

கோடை வி.பி.எஸ். (விடுமுறை வேதாகமப் பள்ளி) புதியவர்களைக் கண்டுபிடிக்க நல்ல இடம். சில நாள்தான் என்பதால் தயங்குகிறவர்களும் சம்மதிப்பார்கள். யார் முகம் கடைசி நாளிலும் மலர்ந்திருக்கிறது என்று பார்த்து வையுங்கள், ஜூனில் அவர் வீட்டுக் கதவைத் தட்டலாம்.

கத்தோலிக்கச் சபைகளில் விசுவாசப் பாடம் சொல்லிக்கொடுக்கும் மறைக்கல்வி ஆசிரியர்களுக்கு ஒரு பெரிய மதிப்பு உண்டு. 2021 மே மாதம் போப் பிரான்சிஸ் மறைக்கல்வியாளர் பணியைப் பொதுநிலையினருக்கான (குருக்கள் அல்லாத சாதாரண விசுவாசிகளுக்கான) திருப்பணியாகவே நிறுவினார். நம் பக்கம் அவ்வளவு முறைப்படி இல்லாவிட்டாலும், கல்வி ஆண்டின் முதல் ஞாயிறு ஆராதனையில் டீச்சர்களைப் பெயர் சொல்லி முன்னால் அழைத்து ஜெபித்து அனுப்ப ஐயரைக் கேட்கலாம். விலகுகிறவர்களுக்கும் அதையே செய்யுங்கள், சால்வை வேண்டாம், அவர் வகுப்புப் பிள்ளைகள் எழுதிய கடிதம் போதும். விலகும் முன் அவரிடம் ஒன்று கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்: வகுப்பில் உள்ள ஒவ்வொரு பிள்ளையைப் பற்றியும் இரண்டு வரி. யாருக்கு வாசிக்க வராது, யாருடைய அப்பா வெளிநாட்டில் இருக்கிறார், யாரைப் பாடச் சொன்னால் அழும். அந்தத் தாளைப் பழைய வருகைப் பதிவேட்டுக்குள் வைத்து அடுத்த டீச்சர் கையில் கொடுங்கள்.

வருகிற சனிக்கிழமை மாலை ஐந்தேகாலுக்கே போய்க் கோயிலைத் திறந்து, ஃபேனைப் போட்டு, பாயை விரித்து வையுங்கள். முதல் வாரம் மூன்று பேர்தான் வருவார்கள். மூன்று பேரோடு தொடங்குங்கள், வடையை மட்டும் ஆறு பேருக்கு வாங்கி வையுங்கள்.